அடைப்புக்குறிக்குள் இருந்த மீன்கள்

இன்று காலை திண்டிவனம் மார்க்கெட்டில் காரப்பொடி மீன் வாங்கினேன். பையிலிருந்து வந்த மீன் வாடையோடு உன் ஞாபகமும் வந்தது, கூடவே நம் பழைய மேனேஜர் மேல் கோபமும். நீ செத்து இரண்டு வருஷம் ஆகியும் அது ஆறவில்லை.

வெளிநாட்டுப் புத்தகங்களைக் கம்ப்யூட்டர் படிக்கிற எக்ஸ்எம்எல் ஃபைலாக மாற்றி அனுப்புவதுதானே நம் ஆபீஸ் வேலை. பிளஸ் டூவைத் தட்டுத்தடுமாறித் தாண்டிய நான், எக்ஸ்எம்எல் என்றால் ஏதோ சட்டை சைஸ் என்று நினைத்துக்கொண்டு சேர்ந்தவன். ஏ, பி, சி, டி வகையில் சேராத எழுத்து எது வந்தாலும், நம் புரோகிராம் அதை 'ஜங்க்' என்று சத்தமில்லாமல் தூக்கிவிடும்.

அப்போதுதான் அந்தக் கடல் மீன் புத்தகம் வந்தது. ஒவ்வொரு மீனுக்கும் ஆங்கிலப் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தமிழ்ப் பெயர். மாற்றிய ஃபைலில் அடைப்புக்குறி மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மரக்காணம் கடற்கரைக்காரன் நீ, சும்மா இருப்பாயா?

"சார், மீன் பேரெல்லாம் பூடுச்சி."

மேனேஜர் தலையே தூக்கவில்லை. "ஜங்க்குப்பா அது. ஜல்தி அனுப்புங்க."

"எங்கப்பா கடலுக்குப் போய்க்கினு கூப்புடற பேரு சார். அது ஜங்க்கா?"

"அப்ப இந்த வேலைக்கு உங்கப்பாவையே பில் கட்டச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆளும் விழுப்புரத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். திட்டுவதற்குத் தமிழ் வேண்டும், புத்தகத்தில் வந்தால் குப்பையாம்! வெறும் அடைப்புக்குறிகளோடே புத்தகம் போனது. நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். கடிக்கப் பல் அதிகம் மிச்சமில்லை என்பது வேறு விஷயம்.

மறுவாரம் நீயே புரோகிராமை மாற்றினாய். வேறு எழுத்தைக் கண்டால் தூக்காமல் நின்று, அந்த வரியைச் சிவப்பில் காட்டும்படி. "கண்டுபுடிக்கறதோட மிஷின் வேலை முடிஞ்சிது மாமே. தூக்கறதா வேணாமான்னு மனுஷன் சொல்லட்டும்" என்றாய்.

போன வாரம் புது மேனேஜர், வேலை தாமதமாகிறது, நீ வைத்த அந்த நிறுத்தத்தை எடுத்துவிடுங்கள் என்றார். அன்றைய ஃபைலில் சிவப்பாக நின்றது என்ன மொழி என்றே எனக்குத் தெரியாது. ஜாங்கிரி பிழிந்த மாதிரி எழுத்து. எழுந்து நின்றேன். மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் வேலை போனால் என்ன செய்வாய் என்று வயிறு கேட்டது.

"எடுக்க மாட்டேங்க. எழுதினவங்களைக் கேட்டுட்டு அனுப்பலாம்."

முறைத்துவிட்டுப் போனார். எழுதினவர்களைக் கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை, ஃபைலும் போகவில்லை. எந்த ஊரிலோ எவனுடைய அப்பாவோ வாய்விட்டுக் கூப்பிட்ட பெயராக அது இருக்கும். நான் அந்த நாற்காலியில் இருக்கும்வரை அதன்மேல் ஒருத்தன் கை வைக்க முடியாது.