நீ சொன்னதை நான் நம்பவில்லை

அன்பு அஞ்சலைக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. நான் இன்னும் அழவில்லை. வகுப்பு எடுக்கிறேன், சாப்பிடுகிறேன், தூக்கமும் வருகிறது.

விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள் நான். முதல் வகுப்பு வாங்குவேன் என்று பரீட்சைக்கு முன்பே சொல்லாவிட்டால், படிக்கவில்லை என்று அப்பா முடிவு கட்டிவிடுவார். சென்னையில் கல்லூரி விடுதியிலும் அப்படியே சொல்லித் திரிந்தேன். "வண்டி வர்றதுக்கு முன்னாடியே கொடி ஆட்டுறீங்களேக்கா" என்று சிரிப்பாய்.

நீயோ ஒவ்வொரு தடவையும், "பெயிலாத்தான் போவேன்க்கா" என்பாய். முதலிடம் உனக்குத்தான் வரும். போலி அடக்கம் என்று நினைத்தேன். ஒரு விடுமுறையில் திண்டிவனம் பக்கம் உன் ஊருக்கு வந்தேன். கொல்லையில் நிலக்கடலை செழித்து நின்றது. மல்லாட்டை நன்றாக இருக்கிறதே என்றேன். "எங்கேம்மா, எல்லாம் பொக்கு, உள்ள பருப்பே இல்ல" என்றார் உன் அப்பா, அவசரமாக. விளைச்சல் வீடு சேருமுன் புகழ்ந்தால் கண் பட்டுவிடுமாம். அன்றிலிருந்து நீ சொல்வதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளப் பழகினேன். உனக்கு நிஜமாகவே பயமும் இருந்ததா? கேட்கவே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதினாய்: "இந்தத் தடவை பிழைக்க மாட்டேன்க்கா. ஒரு தரம் வந்துட்டுப் போங்க." நான் பதில் போட்டேன்: "பரீட்சைக்கு முன்பும் இப்படித்தானே சொல்வாய்? விடைத்தாள் திருத்திவிட்டு வருகிறேன்." வந்து பார்த்தபோது உன் கட்டிலில் வேறொருத்தி படுத்திருந்தாள். நீ போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

என் கடிதம் உனக்குக் கிடைத்ததா? படித்தாயா?

இப்போது விழுப்புரத்திலேயே கல்லூரி வந்துவிட்டது. என்னை இங்கே மாற்றியிருக்கிறார்கள். பி.யு.சி. புகுமுக வகுப்பில் ஒரு பெண், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம், கரும்பு போடுகிற குடும்பம். கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. போன வாரம், "எனக்கு இதெல்லாம் வராதுங்க டீச்சர், நின்னுடலாம்னு இருக்கேன்" என்றாள். பழக்கதோஷம், புன்னகைத்துவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து அவள் வரவில்லை.

"அவ எப்பவும் இப்படித்தான் பேஜாரு பண்ணிக்கினு இருப்பா டீச்சர், வந்துடுவா" என்கிறார்கள் தோழிகள். இருக்கலாம். கண்ணேறுக்குப் பயந்து சொன்னாளா, மனதிலிருந்து சொன்னாளா? இங்கே உட்கார்ந்துகொண்டு எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவள் வீட்டுக்குப் போகிறேன். வராது என்று சொன்னால், எது வரவில்லை என்று கேட்பேன். அவள் சொல்லி முடிக்கிறவரை எழுந்திருக்க மாட்டேன்.

உன் விடுதி அக்கா,
சரோஜா