கறுப்பு மைக்குக் கீழே யார்

ஜூலை 9, 1979, திங்கள்

மழை இன்னும் வரவில்லை. சரோஜினி நகர் முழுக்கப் புழுக்கம். வாங்க: புளி, அப்பளம், ஸ்டவ் திரி.

தபாலில் பத்திரிகையிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை. பிரசுரிக்கலாமா என்று நான் சொல்ல வேண்டும். வழக்கம்போல எழுதியவர் பெயர்மேல் கறுப்பு மை. கோதுமையில் வேப்பங்கொட்டைத் தூள் கலந்தால் வண்டு விழாதாம். மை எதற்கு? டில்லியில் வேப்பங்கொட்டை என்றால் என் பிஎச்.டி. கைடுதான். தூள் போடாத கோதுமையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும், அது இல்லை. சார் பார்க்காமல் இருப்பாரா, எழுதத்தான் மறந்திருப்பார். "பிரசுரிக்கலாம்" என்று போட்டு அனுப்பினேன்.

26ஆம் தேதி ரீடர் வேலைக்கு இண்டர்வியூ. தேர்வுக் குழுவில் சாரும் உண்டு. அதற்காக ஒன்றும் நான் அப்படி எழுதவில்லை.

ஜூலை 14, சனி

ஐ.என்.ஏ. மார்க்கெட். காபிப்பொடிக் கடையில் பத்திரிகை ஆசிரியர், பஞ்சாபிக்காரர். வாய் நிற்காது. "அச்சா கியா, நல்லது செய்தீர்கள், மேடம்! தர்மபுரிப் பக்கத்து லெக்சரர், முதல் கட்டுரை. பேச்சாரா, பாவம், குஷியாகிவிடுவார்."

சார் இல்லையா! உடனே மனசில்: அப்படியானால் ஒப்பிட்டே பார்க்கவில்லை, திருப்பி அனுப்பவேண்டியதுதான். அந்த வேகம்தான் பயமாக இருக்கிறது. அதே கட்டுரை, ஒரு வரி மாறவில்லை. வெட்கம். பஸ்ஸில் புளியை விட்டுவிட்டேன்.

ஜூலை 15, ஞாயிறு

முன்பு அனுப்பியதற்குப் பதிலாகப் புதிதாக டைப் அடித்தேன்: "தூள் போடாத தானியத்தோடு ஒப்பிட்டு, முடிவைச் சேர்த்து அனுப்பவும். பிறகே பிரசுரிக்கலாம்."

இவர்: "போன வாரம் நல்லாருக்குன்னியே?"

"அப்ப வேற ஆள் எழுதினதுன்னு நெனச்சேன்."

சிரித்தார். எனக்கு வரவில்லை.

ஜூலை 20, வெள்ளி

நல்ல மழை. கொடியில் துணி நனைந்தது.

இன்னொரு கட்டுரை. வேப்பங்கொட்டை, இம்முறை கடலையில். கறுப்பு மை. இது சாரேதான். மூன்று வருஷம் நான் கழுவிய ஜாடிகளின் படம் இருக்கிறதே. தூள் போடாத கடலை இதிலும் இல்லை.

மதியம் காலேஜ் வராந்தாவில் சார். "நம்ம கட்டுரை யார்கிட்ட போயிருக்கோ, தெரியலம்மா. தெரிஞ்சவங்க கையில கெடச்சா சரி. வியாழக்கிழமை பாப்போம், என்ன?"

இரவு கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தேன்.

ஜூலை 22, ஞாயிறு

15ஆம் தேதி எழுதியதன் கார்பன் நகலை எடுத்து, ஒரு சொல் மாற்றாமல் திரும்ப அடித்தேன்.

இவர்: "வியாழக்கிழமை கழிச்சு அனுப்பேன். உங்க சார் என்ன நெனப்பாரு?"

"எந்த சாரு? பேரைத்தான் மை போட்டு அடிச்சிருக்காங்களே."

கவரை ஒட்டிவிட்டேன்.