மூன்று தண்ணீர்

3 ஜனவரி 2024

செங்கம்மாளின் ஒலிப்பதிவை வெட்டி முடித்தேன். வெள்ளிமலைக்காரி. காட்டுக் கருணைக் குழம்பைப் பற்றிப் பதினான்கு நிமிடம் பேசியிருக்கிறாள், நம் நிகழ்ச்சிக்கு எட்டுதான். "கெழங்க வேக வச்சு தண்ணிய கொட்டு" என்று மூன்று முறை வருகிறது. இரண்டை எடுத்துவிட்டேன்.

பதினொரு வருடமாக இந்தச் சமுதாய வானொலியில் சமையல். இந்தப் பக்கத்தில் மைக் முன்னால் அடுப்பு வைத்த முதல் பெண் என்று விழாக்களில் சொல்கிறார்கள். கேட்கிறோம் என்று ஒருவரும் சொன்னதில்லை.

5 ஜனவரி

ஒலிபரப்பானது. தனியாகக் கேட்டேன். ரசம் மட்டும் வைத்தேன்.

8 ஜனவரி

நிலையத்துக்கு ஒரு போன். கச்சிராயபாளையம் ராணியம்மாள். "இன்னா மேடம் சொல்லிக் குடுக்கறீங்க? அந்தக் கெழங்கத் தின்னு வூட்ல நாலு பேருக்கும் தொண்ட வீங்கிப்போச்சு. ஆஸ்பத்திரிக்கு ஓடிக்கினு இருக்கோம்."

மன்னிப்புக் கேட்டேன். போனை வைத்த பிறகு தோன்றியது: ஒருத்தி கேட்டிருக்கிறாள். அதுவா இப்போது தோன்ற வேண்டும்? வெட்கம்.

9 ஜனவரி

தவறு செங்கம்மாளுடையது என்று மேலாளர் அன்புச்செல்வன் ஓர் அறிவிப்பு எழுதி வைத்திருக்கிறார். "மலைக்காரம்மா சொன்னதத்தான போட்டோம்? வெள்ளிக்கிழம இத வாசிச்சிடுங்க மேடம். நீங்க ஏன் தலையக் குடுக்கறீங்க?"

சந்தையில் மலைப் பெண்களிடம் யாரும் கிழங்கு வாங்குவதில்லையாம்.

10 ஜனவரி

பஸ் ஏறி வெள்ளிமலை போனேன். செங்கம்மாளின் கூடை விற்காமல் மூலையில் இருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"மூணு வாட்டி கொட்டணும், மூணு வாட்டி சொன்னேன். பின்ன? வேலயத்தா பேசிக்கினு இருந்தேன்? படிச்சவதான நீ?"

படிச்சவதான். ஹெட்போன் மாட்டிக்கினு ரெண்டு தடவ கேட்டேனே — கேட்டுட்டு, கூறியது கூறல்னு நானே முடிவு பண்ணி... மனையியல் எம்.எஸ்ஸி.!

அவளுக்குப் போன பெயரை யார் திருப்பிக் கொடுப்பது?

12 ஜனவரி

நேரலை. அந்த அறிவிப்பை வாசிக்கவில்லை. "செங்கம்மாள் சரியாகத்தான் சொன்னார். மூன்று முறை வேகவைத்து, மூன்று முறையும் தண்ணீரைக் கொட்ட வேண்டும். இரண்டை வெட்டியது நான்" என்றேன். பிறகு பதினான்கு நிமிடத்தையும் அப்படியே ஓடவிட்டேன். அவள் இருமியது, கோழியை விரட்டியது, எல்லாம்.

வெளியே வந்தபோது யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

17 ஜனவரி

நிகழ்ச்சி இனி ரம்யாவுக்கு. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க மேடம்" என்றார் அன்புச்செல்வன். ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

20 ஜனவரி

யாரிடமும் பேசவில்லை. பால்காரரிடம்கூட.

28 ஜனவரி

கச்சிராயபாளையம் சந்தைக்குப் போனேன். செங்கம்மாளைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். "ரேடியோல பேசினது நீதானா ஆயா?" என்று ஒருத்தி கேட்க, "கெழங்கு வாங்கறியா, கத கேக்க வந்தியா?" என்றாள். அவர்கள் சிரித்தார்கள்; வாங்கவும் செய்தார்கள்.

நான் கடைசியில் நின்றேன். என் முறை வந்தபோது சாக்கை உதறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஒனக்கு இல்ல. தீந்துபோச்சு."

சிரித்த மாதிரி இருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியாது.