சேருவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

அன்புள்ள அக்கா,

பெரியம்மா இன்று உன் காக்கி கோட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். பாக்கெட்டுக்குள் கை விட்டால் விரலெல்லாம் ஈரல் தூள். நாய்களுக்குக் கொடுக்கக் காயவைத்து நறுக்கி வைத்திருப்பாயே, அதுதான். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "தோச்சுப் போடுடி, வூடே நாறுது" என்றாள். நான் துவைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிட்டு, எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். நைனா புரண்டு படுத்தாலே என் பேனா நின்றுவிடுகிறது.

காலையில் நைனாவும் நானும் சித்தூரில் பெங்களூர் பஸ் ஏற வேண்டும். நாய்களைப் பழக்கும் கோர்ஸ் ஒன்றில் என்னைச் சேர்க்கப்போகிறார். நீ இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாய். "நாய் பின்னாடி ஓடுறது ஒரு வேலையா?" என்று இரண்டு வருடம் கேட்டவர், என் பன்னிரண்டாவது, இன்டர் பரீட்சை முடிந்ததும் தானாகவே யாரையோ விசாரித்து ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்தார். பத்தே நாளில் மாஸ்டர் சான்றிதழ், வேலை உறுதி என்று போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து எல்லோரிடமும், "எம்பொண்ணு நாய் டாக்டருக்குப் படிக்கப் போறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் இல்லை என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் எனக்கு அந்தக் கோர்ஸ் வேண்டாம் அக்கா. அதை எப்படிச் சொல்வது? "இதுவும் வேணாம்னா நர்சிங்தான், அப்புறம் பேச்சே கெடயாது" என்று முன்பே சொல்லிவிட்டார்.

வேண்டாம் என்று எனக்குத் தெரிந்ததே உன்னால்தான். திருப்பதியில் நீ வேலை பார்த்த நாய் விடுதிக்குக் கோடை லீவில் என்னைக் கூட்டிப் போனாய். மலைக்குப் போகிறவர்கள் நாயை அங்கே விட்டுவிட்டு, தரிசனம் முடிந்து வந்து கூட்டிப்போவார்கள். அன்று சென்னைக்காரர் ஒருவர் மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனத்தோடு நேராக வந்து கூண்டுக்கு மேல் குனிந்தார். அவருடைய லேப்ரடார் மூலையில் ஒடுங்கிக்கொண்டு உறுமியது.

"நாலு வருஷமா சோறு போட்டவன்டா நான்! என்னையே மொறைக்கிறியா?" என்று கையிலிருந்த வாரை ஓங்கினார்.

பக்கத்துக் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணன், "முடிய சாமிக்குக் குடுத்துட்டீங்க சார், அடையாளத்துக்கு அது எங்க போவும்?" என்று சிரித்தார்.

நீ சிரிக்கவில்லை. "உக்காருங்க சார். கிட்ட போவாதீங்க. அந்தப் பக்கம் திரும்பிக்கினு அத்தோட பேர் சொல்லுங்க" என்றாய். அவர் முனகிக்கொண்டே உட்கார்ந்து கூப்பிட்டார். நீ கூண்டுக் கதவைத் திறந்துவிட்டாய். மூன்றாம் முறை காது நிமிர்ந்தது. மெல்ல வந்து கையை மோந்தது. பிறகு வாலோடு உடம்பே ஆட, தலைச் சந்தனத்தை முழுக்க நக்கித் தீர்த்தது. அவர் மனைவி, "பிரசாதம்னு நெனச்சிடுச்சுங்க" என்றார்.

நீ என்னிடம் திரும்பி, "கோவம் இல்லடி. பயந்துக்கினு கீது" என்றாய்.

வீடு திரும்பும் பஸ்ஸில் உன் மணிக்கட்டுத் தழும்பைக் காட்டினாய். பெரியம்மாவிடம் கீழே விழுந்ததாகச் சொல்லி வைத்திருந்த தழும்பு. நீ முதலில் சேர்ந்த கோர்ஸும் இப்படிப்பட்டதுதான். நாய் உறுமினால் கழுத்துச் சங்கிலியை வெடுக்கென்று இழுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஊருக்கு வந்து உங்கள் வீட்டு டைகரிடம் அதையே செய்தாய். உறுமுவதை விட்டுவிட்டது என்று தெருவெல்லாம் பெருமை பேசினாய். ஒரு நாள் உறுமாமலே கடித்துவிட்டது.

"உறுமினா நாம வெலகிக்கலாம். அந்த உறுமல நாந்தான் புடுங்கிட்டேன்" என்றாய். பிறகு, "சர்டிபிகேட்ல தங்கக் கலர் ஓரம் போட்டிருந்தாங்கடி. அதப் பாத்துத்தான் சேந்தேன்" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியம்மாவுக்குக்கூடச் சொல்லாத தப்பை என்னிடம் சொன்னாயே, அதற்கு அன்றே நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எங்க சேந்தாலும் மொதல்ல ரெண்டு கேளு. நாய் தப்பு பண்ணா இன்னா பண்ணுவீங்க? சேர்றதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் பாக்க விடுவீங்களா?" சித்தூர் வருவதற்குள் என்னை நான்கு முறை திருப்பிச் சொல்லவைத்தாய். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று மத்தியானம் அம்மாவின் போனில் நோட்டீஸ் நம்பரைக் கூப்பிட்டேன். நாய் தப்பு செய்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அந்த ஆள் தெலுங்கில் சிரித்துக்கொண்டே, ஒரே இழுப்புதான், அப்புறம் ஜென்மத்துக்கும் செய்யாது என்றார். கிளாஸ் பார்க்கலாமா என்றதற்கு, முதலில் சேரம்மா என்றார்.

வேலூரில் இன்னொரு கோர்ஸ் இருக்கிறது. எட்டு மாதம், சனி ஞாயிறு மட்டும். போன வாரம் வீடியோ காலிலேயே ஒரு வகுப்பைப் பார்க்க விட்டார்கள். மேஜைக்கு அடியில் ஒளிந்த நாய் ஒன்று தானாக வெளியே வரும்வரை யாரும் அதைத் தொடவில்லை. எங்காவது வலி இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டினீர்களா என்றுதான் டீச்சர் முதலில் கேட்டார்கள். வேலை கிடைக்குமா என்று நான் கேட்டதற்கு மட்டும், "அத நான் எப்படிம்மா உறுதியாச் சொல்றது?" என்றார்கள். நைனா வேண்டாம் என்று சொல்ல அது ஒன்றே போதும்.

எழுந்ததும் அந்த இரண்டு கேள்விகளையும் நைனாவையே பெங்களூருக்குப் போன் போட்டுக் கேட்கச் சொல்லப்போகிறேன். பதிலை அவர் காதாலேயே கேட்கட்டும். அதற்குப் பிறகும் நர்சிங் என்று சொன்னால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அழுவேன். அழுதுகொண்டேயாவது வேலூர் என்று சொல்வேன். நீ சொல்லித் தந்தது இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணம்கூட இருந்திருக்காது.

ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பெங்களூர் கோர்ஸ் விண்ணப்பத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, "நீயும் போட்டுட்டுப் படு" என்று நைனா என்னிடம் கொடுத்தார். சரி நைனா என்றேன்.

இன்னும் போடவில்லை அக்கா. போட மாட்டேன்.