செல்வி உள்ளே வந்துவிட்டார்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பெருங்களத்தூர் சிக்னலில் இருபது நிமிடம். பத்திரிகைக்கு வெள்ளிக்குள் கட்டுரை: அபார்ட்மென்ட் வாசலில் வருவோர் போவோரைப் பதிய வைத்திருக்கும் ஆப், மனிதர்களை என்ன செய்கிறது?

எங்கேயும் அலைய வேண்டாம். நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் செல்வியக்கா போதும். முன்பெல்லாம் வாட்ச்மேன் மனைவியோடு பத்து நிமிடம் பேசிவிட்டுத்தான் மாடி ஏறுவார். இப்போது ஓட்டம். கேட்டைத் தாண்டியதுமே வேலை செய்யும் நாலு வீட்டிலிருந்தும் போன். எழுதிவிட்டேன்: “இங்கே குடியிருப்பவர்களின் மனம் கல்லாகிவிட்டது.” எனக்கே பிடித்த வரி.

வாங்க: கறிவேப்பிலை, துணி சோப்பு.

ஜூலை 8, செவ்வாய்

முரளியிடம் படித்துக் காட்டினேன். மென்பொருள்காரனைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

“வரி நல்லாருக்கு. அந்த ஆப் எப்படி வேலை செய்யுதுன்னு பாத்தியா?”

“நான் எழுதறது மனுஷங்களைப் பத்தி. அது எனக்கு எதுக்கு?”

கோபம். தோசை சுடப் போய்விட்டேன். பிறகு அவனே பக்கத்தில் உட்கார்ந்து என் போனைத் திறந்து காட்டினான். அக்கா கேட்டில் தன் எண்ணைத் தட்டியதும் நாலு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் செய்தி: ‘செல்வி உள்ளே வந்துவிட்டார்.’ யாரும் கேட்டு வாங்கியதில்லை. ஆப்போடு சேர்ந்தே வருகிறது. அதைப் பார்த்துத்தான் போன வாரம் நானும், “எங்கக்கா இருக்கீங்க?” என்று கூப்பிட்டிருக்கிறேன்.

கல் மனசு வரியை அடித்தேன். கொஞ்சம் அழுகை. முரளி காபி போட்டான். சர்க்கரை அதிகம். குடித்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

நாலு வீட்டிலும் அந்தச் செய்தியை நிறுத்திவிடலாம் என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“இன்னாத்துக்கு நிறுத்துற? மூணாவது மாடி அம்மா, நான் வேலைக்கே வரலன்னு சொல்லிச்சு. வாட்ச்மேன் போன்ல காட்டினாரு, நான் உள்ள வந்தது டைமோட கீது. அப்பால வாயத் தொறக்கல. என் பேச்ச யாரு நம்புவா? அது சொன்னா நம்புறாங்க.”

“அப்ப இந்த போன் தொல்லை?”

“அது பேஜாருதான். பத்து நிமிசம் கழிச்சுக் கூப்பிடச் சொல்லு.”

இது முரளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சொன்னதும் முரளி சிரித்துவிட்டான். “நாம ரெண்டு பேரும் ஃபெயில்.”

ஜூலை 10, வியாழன்

தூறல். பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடச் சொல்லி மற்ற மூன்று வீடும் ஏறி இறங்கினேன். இரண்டில் சரி என்றார்கள். மூன்றாவது மாடியில், “பாக்கலாம்.”

கட்டுரையை முதலிலிருந்து எழுதினேன். முரளி காட்டியது, அக்கா சொன்னது, நான் போன் செய்தது, எல்லாம் உள்ளே. அக்காவிடம் படித்துக் காட்டினேன். துடைப்பத்தை விடாமல் நின்றபடி கேட்டார்.

“பேரை மாத்திடட்டுமாக்கா?”

“இன்னாத்துக்கு? பெரிசாப் போடு. மூணாவது மாடி படிக்கட்டும்.”