வலது இருக்கைக்கு இல்லாத பிரேக்

அனுப்புநர்:
தலைமை மெக்கானிக்,
விமானப் பயிற்சிப் பள்ளி,
இரண்டாம் எண் கொட்டகை.

பெறுநர்:
விமான விபத்து விசாரணை ஆணையர் அவர்கள்,
ஆணையர் அலுவலகம், மூன்றாம் மாடி.

பொருள்: பயிற்சி விமானத்தில் கைப் பிரேக்கை அகற்றி இடது இருக்கைக்கு மட்டும் கால் பிரேக் பொருத்தியது – பயிற்றுநர் மரணம் – விசாரணை அறிக்கையின் பதினான்காம் பத்தியைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

1. நான் மேற்படி பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக மெக்கானிக். விபத்தில் இறந்த பயிற்றுநர் என் தங்கையின் கணவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரன் புலம்புகிறான் என்று பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் எல்லாருக்கும் அவர் வாத்தியார், எனக்கு மாப்பிள்ளை.

2. அறிக்கையின் பதினான்காம் பத்தியில், “விமானத்தை நிறுத்தப் பயிற்றுநர் எவ்வித முயற்சியும் மேற்கொண்டதாகத் தெரியவில்லை” என்று உள்ளது. இந்த ஒரு வரியை எதிர்த்தே இம்மனு. மற்றபடி நாற்பது பக்க அறிக்கையில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை என்பதைப் பணிவுடன் ஒப்புக்கொள்கிறேன்.

3. எங்கள் பள்ளியில் ஒரே வகை விமானங்கள் இரண்டு. இரண்டிலும் தொடக்கத்தில் கைப் பிரேக்தான். இரு இருக்கைகளுக்கும் நடுவே, கருவிப் பலகைக்கு அடியில், ஒரு கைப்பிடி. இழுத்தால் இரண்டு பக்கச் சக்கரமும் சேர்ந்து நிற்கும். இடப்பக்கம் உட்காரும் மாணவர் வலக் கையாலும், வலப்பக்கம் உட்காரும் பயிற்றுநர் இடக் கையாலும் அதை எட்டலாம். எப்போது பார்த்தாலும் இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டிக்கொண்டு நிற்பதால் பிள்ளைகள் அதற்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை தரை தொடும்போதும் மாப்பிள்ளை, மாணவருக்குத் தெரியாமல், அந்தக் கைப்பிடியின் மேல் கையை வைத்துக்கொள்வார். பதினொரு ஆண்டுப் பழக்கம். பிள்ளை தடுமாறினால் மாமியார் பார்த்துக்கொள்வாள் என்பார்.

4. கால் பிரேக் வேறு விதம். திசை திருப்பும் மிதியின் மேல் விளிம்பைக் கால் நுனியால் அழுத்தினால் அந்தப் பக்கச் சக்கரம் மட்டும் நிற்கும். குறுகிய இடத்தில் திரும்ப வசதி. பெரிய விமானங்களிலும் அதுதான். எது உசத்தி என்று எங்கள் கொட்டகையில் டீ நேரத்தில் ஆண்டுக்கணக்காக வாய்ச்சண்டை நடந்திருக்கிறது. நான் கால் பிரேக் கட்சி, மாப்பிள்ளை கைப் பிரேக் கட்சி. ஆகவே என் புகார் கால் பிரேக்கின் மேல் அல்ல என்பதைக் கருத்தில் கொள்ளவும். மாணவருக்கு மட்டும் காலில் ஒரு பிரேக்கைக் கொடுத்துவிட்டு, இருவருக்கும் பொதுவாக இருந்ததைப் பிடுங்கியதன் மேல்தான் புகார்.

5. விபத்துக்கு இருபத்திரண்டு நாள் முன்பு, ஒரு விமானத்தில் அவ்வாறு செய்யும்படி பள்ளி மேலாளர் உத்தரவிட்டார். வலது இருக்கைக்கான பிரேக் மிதிகள் வரவில்லை. அவை எப்போது வரும் என்று ஒருமுறை கேட்டேன். “புள்ளைங்கதானே பிரேக் பிடிக்கக் கத்துக்கணும், வாத்தியாருக்கு எதுக்கு?” என்றார். கேட்டாயிற்று, இனி என் தலையில் ஒன்றும் இல்லை என்று நானும் இருந்துவிட்டேன். ஒப்புதல் வழங்கத் தங்கள் அலுவலக ஆய்வாளர் வந்தார். இடது இருக்கையில் அமர்ந்து இரண்டு மிதிகளையும் அமுக்கிப் பார்த்தார். திருப்தி என்று எழுதிக் கையெழுத்திட்டார். வலது இருக்கையில் அவருடைய கைப்பை இருந்தது.

6. கைப்பிடியைக் கழற்றியவன் நான். அது இருந்த இடத்தில் ஒரு தகடு வெட்டி, நான்கு திருகு போட்டு, பலகையின் நிறத்திலேயே பெயின்ட் அடித்தேன். அங்கே எதுவுமே இருந்ததில்லை என்று சொல்லும்படி அவ்வளவு நேர்த்தி. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. ‘வலது இருக்கைக்குப் பிரேக் இல்லை’ என்று ஒரு துண்டுக் காகிதம் ஒட்ட எனக்குத் தோன்றவில்லை. மாப்பிள்ளை வந்து தடவிப் பார்த்தார். “மாமியாரை அனுப்பிட்டியா? இனி நான் யாரை நம்பி உக்கார்றது?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

7. விபத்தன்று காலை மழை விட்டு ஓடுதளம் ஈரமாக இருந்தது. ஆறாம் பாடத்துக்கு வந்த மாணவிக்கு முதல் ஐந்து பாடங்களும் கைப்பிடி உள்ள விமானத்தில்தான் நடந்தன. அன்று அந்த விமானம் சக்கரம் கழற்றிய நிலையில் என் ஜாக்கியின் மேல் நின்றது. ஆகவே மற்றதை எடுத்துச் சென்றார்கள். புறப்படும் முன் அந்தப் பெண்ணுக்குக் கால் பிரேக்கைப் பற்றி மாப்பிள்ளை இரண்டு தடவை விளக்கியதை என் காதால் கேட்டேன். இறங்கும்போது விமானம் ஓடுதளத்தின் பாதியைத் தாண்டித்தான் தரை தொட்டது. மீதித் தூரம் போதாது. ஓடுதள முடிவில் உள்ள வடிகால் சுவரில் வலப்பக்கம் மோதியது. மாணவிக்கு இரண்டு காலும் முறிந்தன. மாப்பிள்ளையை வெளியே எடுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. கதவை அறுத்தவனும் நான்தான்.

8. மருத்துவமனையில் விசாரணை அதிகாரி மாணவியிடம் இரண்டு கேள்விகள் கேட்டுள்ளார். நீங்கள் பிரேக் பிடித்தீர்களா? இல்லை. பயிற்றுநர் பிடித்தாரா? இல்லை. இரண்டும் உண்மையான பதில்கள். இல்லாத பிரேக்கை யாரால் பிடிக்க முடியும்? சென்ற வாரம் நான் போய்ப் பார்த்தபோது, யாரும் கேட்காததை அந்தப் பெண் தானாகச் சொன்னாள். “சார் ‘பிரேக், பிரேக்’னு கத்தினாரு. எனக்குக் கால் ஞாபகமே வரலை, கையைத்தான் கீழ விட்டேன். அங்க அவரோட கை முன்னாடியே இருந்துச்சு.” அதை அப்படியே எழுதிக் கையெழுத்திட்டுத் தந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு வயது இருபது.

9. இதற்கு வேறு சான்றும் உண்டு. விசாரணை முடிந்து பள்ளியிடம் ஒப்படைக்கப்பட்ட உடைந்த விமானம் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. நேற்று உள்ளே தவழ்ந்து போய், நான் பொருத்திய தகட்டை நானே கழற்றினேன். பெயின்ட் உரிந்து உலோகம் தெரிய அதில் ஐந்து கீறல்கள். மாப்பிள்ளை இடக் கையில் கட்டியிருந்த கைக்கடிகாரத்தின் இரும்புப் பட்டை அந்தக் கீறல்களில் சரியாகப் பொருந்துகிறது. ஒன்றல்ல ஐயா, ஐந்து. அந்த மனிதர் கடைசிவரை தேடியிருக்கிறார்.

10. அறிக்கையின் நகல் என் தங்கைக்கும் வந்தது. அடுப்படியில் நின்றபடியே பதினான்காம் பத்தி வரை படித்தாள். பிறகு, “அவரு சும்மாவா உக்காந்திருந்தாரு, அண்ணே?” என்று கேட்டாள். இல்லையம்மா என்று வாய் வரை வந்தது. சொன்னால், பின்னே ஏன் விமானம் நிற்கவில்லை என்று அடுத்துக் கேட்பாள். அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் அதைக் கேட்கவில்லை. தினமும் மாப்பிள்ளையின் டப்பாவிலேயே எனக்கு மதியச் சாப்பாடு கொடுத்தனுப்புகிறாள். என்னால் அதைத் திறக்க முடியவில்லை.

11. தவறு பயிற்றுநருடையது என்று அறிக்கையே சொல்லிவிட்டதால், இரண்டாவது விமானத்திலும் கைப்பிடியை அகற்றும்படி மேலாளர் எழுத்து மூலம் உத்தரவிட்டுள்ளார். திங்கட்கிழமைக்குள் முடிக்க வேண்டும். வலது மிதிகள் இன்னும் வரவில்லை. உத்தரவு என் மேசையில் ஸ்பானருக்கு அடியில் கிடக்கிறது. நான் செய்யப்போவதில்லை. நான் செய்யாவிட்டால் வேறு ஒருவர் செய்வார். அவரும் என்னைப் போலவே நேர்த்தியாகத் தகடு அடிப்பார்.

12. ஆகவே பதினான்காம் பத்தியில் மேற்கண்ட வரியை நீக்கி, பின்வருமாறு எழுத வேண்டுகிறேன்: ‘பயிற்றுநர் பிரேக் கைப்பிடியைத் தேடினார். அது அங்கே இல்லை. தலைமை மெக்கானிக் அதை அகற்றியிருந்தார். வலது இருக்கையில் இருப்பவருக்கு வேறு பிரேக் எதுவும் தரப்படவில்லை.’ உத்தரவிட்டவர், ஒப்புதல் தந்தவர் பெயர்களைச் சேர்ப்பது தங்கள் விருப்பம். என் பெயரை விட்டுவிடக் கூடாது. என் உரிமத்தைப் பறித்தாலும், அதற்கு மேல் எது செய்தாலும் மறுப்பு இல்லை. திங்கட்கிழமைக்கு முன் இரண்டாவது விமானத்தின் வேலையைத் தடுத்து உத்தரவிடுங்கள். சந்தேகம் இருந்தால் தாங்களே ஒருமுறை வந்து, கைப்பிடி இல்லாத அந்த வலது இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். தார்ப்பாயை நான் விலக்கித் தருகிறேன்.

தங்கள் பதிலை நாள் எண்ணிக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தலைமை மெக்கானிக்

இடம்: இரண்டாம் எண் கொட்டகை
நாள்: விபத்து நடந்து நாற்பத்தொன்றாம் நாள்

இணைப்பு:
1. மாணவி கையொப்பமிட்ட வாக்குமூலம்.
2. கீறல் விழுந்த தகடு, நான்கு திருகுகளுடன்.
3. பிரேக் கைப்பிடி. கழற்றிய நாள் முதல் என் பெட்டியில் இருந்தது.

நகல்: என் தங்கைக்கு, நேரில்.