அக்கெல்லோவுக்குச் சாட்சி

என் துஷிக்குட்டிக்கு,

சுகமா என்று கேட்க வாய் உன்னிவிட்டு நின்றுவிடுகிறது. அதனால் இங்கத்தைய புதினத்தைச் சொல்கிறேன். உன் அக்கெல்லோவுக்காக நான் கோர்ட்டில் போய்ச் சாட்சி சொன்னேன். நீ நம்ப மாட்டாய். எனக்கு அவளைப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும்தானே?

அப்பா போனபிறகு இந்த இத்தாலியில், பலெர்மோவில் நாம் இரண்டு பேர்தான். ஒரேத்தோத் தெருவில் வீடு எடுத்து அவளோடு இருக்கப்போவதாக நீ சொன்ன அன்று, "அம்மா, அவ என்ர சிநேகிதி மட்டுமில்லை" என்றாய். விளங்குகிறது, சாப்பிடு என்றேன். சனத்துக்குப் பயந்தேன் என்று நினைத்திருப்பாய். அதுவும் இருந்தது. ஆனால் எனக்கு உள்ளுக்குள் எரிந்தது வேறொன்று. ஒரு மருமகன் வந்திருந்தால் என் கைச் சமையலைத் தேடியாவது நீ ஓடி வருவாய். இவள் உகண்டாவிலிருந்து வந்து, இரண்டு மாதத்தில் என் நண்டுக்கறியையே சமைக்கப் பழகிவிட்டாள். பிறகு நீ எதற்கு வரப்போகிறாய்?

நீ நோயாய்க் கிடந்த ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். அவள் தலைமாட்டில், நான் கால்மாட்டில். இரண்டு பேரும் இத்தாலியனில் குசுகுசுத்தீர்கள். என்னுடையது வீடு துடைக்கிற வேலைக்கு மட்டும் காணுகிற இத்தாலியன். நீ கடைசியாகச் சிரித்தது அவள் சொன்ன ஏதோவொரு பகிடிக்கு. என்ன பகிடி அது, பிள்ளை? இன்றுவரை நான் அவளிடம் கேட்கவில்லை.

நீ போய்ச் சில மாதங்களில், சியாகுல்லித் தோட்டத்தில் தான் ஆய்ந்த மந்தரீன் பழங்களோடு வந்தாள். உன் நீலச் சட்டையைப் போட்டிருந்தாள். பழத்தை வாங்கினேன், சட்டையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவளுடைய அகதி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்களாம். அவள் ஒரு பெண்ணை நேசித்தவள் என்பதை விசாரித்தவர்கள் நம்பவில்லை. உங்கள் இரண்டு பேரின் வாழ்க்கையைக் கண்ணால் கண்ட ஒருவர் நீதிபதி முன் வந்து சொன்னால் நல்லது என்று அவளுடைய லோயர் சொல்லியிருக்கிறார். அவள் வாய்திறந்து என்னை வரச்சொல்லிக் கேட்கவில்லை. திருப்பி அனுப்பினால் அங்கே என்ன நடக்கும் என்று நான்தான் கேட்டேன். ஆயுள்சிறை இருக்கிறது, சில குற்றங்களுக்குத் தூக்கும் இருக்கிறது என்றாள்.

எனக்கு விளங்க வேண்டுமென்று மெதுவாகக் கதைத்தாள். அவளுடைய லாங்கோ சனத்துக்குள், வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னே, பெண்களாக வாழ்ந்த ஆண்கள் இருந்தார்களாம். ஆண்கள் அவர்களை மணந்து குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். இதைக் குற்றமாக்கிச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் வெள்ளைக்காரன். இப்போது அதை இன்னும் இறுக்கிவிட்டு, இது வெளிநாட்டுப் பழக்கம் என்கிறார்களாம். தென்னாப்பிரிக்காவில் கல்யாணமே செய்யலாமாம். பொட்ஸ்வானாவில் கோர்ட்டே அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்ததாம். இலங்கையிலும் அதே வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டம் இருக்கிறது என்று நீ அவளுக்குச் சொன்னாயாம். இதையெல்லாம் இரவிரவாக இரண்டு பேரும் தேடி வாசித்தீர்களாம். அதைக் கேட்டபோதுதான் நெஞ்சு சுட்டது. என்னோடு ஏன் ஒருநாளும் நீ இதைக் கதைக்கவில்லை?

சாட்சி சொல்ல வருகிறேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியாது.

கோர்ட்டில் மொழிபெயர்க்க வந்தவர் யார் தெரியுமா? நம் கோயிலில் பஞ்சாமிர்தம் கொடுக்கிற யாழ்ப்பாணத்துத் தம்பி. நான் இங்கே சொல்வது பொழுதுபடமுன் பலெர்மோத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் போய்விடும் என்று அவரைக் கண்டதும் விளங்கியது.

நீதிபதி ஒரு பெண். இவர்கள் வெறும் சிநேகிதிகள் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். லோயர் சொல்லித்தந்த பதில்கள் இருந்தன. ஒரே வீடு, ஒரே கட்டில், ஆஸ்பத்திரியில் அவள் விழித்திருந்தது. அதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை.

"எனக்கு இவளில பொறாமை," என்றேன். "பிள்ளையின்ர சிநேகிதியில ஒரு தாய்க்கு இப்பிடிப் பொறாமை வராது. மருமகளில தான் வரும்."

அந்தத் தம்பி என் பக்கம் குனிந்தார். "அக்கா, இதை அப்பிடியே சொல்லட்டோ?"

"ஓம் தம்பி. ஒரு சொல்லும் குறைக்காமல் சொல்லுங்கோ."

சொன்னார். எழுதிக்கொண்டிருந்த நீதிபதி பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அக்கெல்லோ முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. உனக்காக என்னைவிட நன்றாக அவளால் அழ முடிகிறதே என்று அதிலும் ஒரு எரிச்சல்.

நேற்றுத் தீர்ப்பு வந்தது. அவளை நம்பினார்கள். இனி இங்கேயே இருக்கலாம். ஓடிவந்து என் கையைப் பிடித்து "அம்மா" என்றாள். நீ கூப்பிடுகிற அதே இழுவை. உன்னிடம் பழகியிருக்கிறாள். கையை உதறத்தான் நினைத்தேன், விடவில்லை. அந்த இழுவையில் என்னைக் கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்?

கோயிலில் சிலர் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். உன் ஆண்டுத் திவசத்துக்கு அவள் வருவாள், என் பக்கத்தில் இருப்பாள். யார் இது என்று கேட்பவர்களுக்கு என் மருமகள் என்று சொல்வேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. பொறாமையை விடச் சொல்லி மட்டும் கேளாதே, பிள்ளை. அது என்னால் முடியாது.

அவளுக்கு முன்னமே உன்னைக் கண்ட,
உன் அம்மா